போட்டோவுக்கு அடித்த கறுப்பு

யேசுதாசனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ராக் ஸ்லைடர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அவருக்கு நடந்தது புரியாது.

மலையிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே சிலர் ஜீப் மாதிரி வண்டிகள் வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி ஒரு பாறையில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்குக் கீழே இருக்கும் தகடு இடிபட்டு நசுங்கும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் கனமான இரும்புக் குழாயைப் பொருத்திவிட்டால் அடி குழாயில் விழும். வண்டி அதன்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும். அதுதான் ஸ்லைடர். அதை வண்டியின் உடம்பில் பொருத்தக் கூடாது, உடம்பு வெறும் தகடு. வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களை சேஸ் என்பார்கள். குழாயின் கால்களை அந்த சேஸில்தான் வெல்டிங் செய்ய வேண்டும். சரியாகப் பொருத்திய ஸ்லைடர் முழு வண்டியையும் தாங்கும். அதற்கு அடியிலேயே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கலாம்.

இந்த வேலையை பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் பட்டறையில் யேசுதாசன் செய்கிறார். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு. பட்டறையில் யார் என்ன பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும், அடுப்படியில் கரண்டி விழுந்தால் பட்டறைக்குக் கேட்கும். முதலில் அவர் வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும்தான் செய்துகொண்டிருந்தார். பெருங்களத்தூரில் ஒருவர் தன் பழைய ஜிப்ஸி ஜீப்பைக் கொண்டுவந்து, ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டார். யேசுதாசன் செய்து கொடுத்தார். அவர் நண்பர்களிடம் சொல்ல, அவர்கள் அடுத்தவர்களிடம் சொல்ல, கேட் வேலை குறைந்து வண்டி வேலை கூடிவிட்டது.

அவருடைய மனைவி சினேகா. இரும்புலியூர்க்காரி. கல்யாணத்தின்போது அவளுக்கு அப்பா அம்மா இல்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பி மட்டும்தான். பெயர் அன்பு. சர்ச்சில் கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது அன்புவும் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டானாம். "பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல உக்காரணும்டா" என்று யாரோ இழுத்ததற்கு, "நானும் அவங்க கூடத்தான் போறேன், எங்க உக்காந்தா இன்னா?" என்றானாம். யேசுதாசன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "எங்க கல்யாண ஆல்பத்துல பாதி போட்டோவுல இவன் மூஞ்சிதான் கீது."

அன்பு பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பட்டறைக்கு வந்துவிட்டான். வெல்டிங்கைவிட கழற்றுவது மாட்டுவதில் அவனுக்குக் கை ஓடும். மாமாவும் மச்சானும் வேலை செய்வதைப் பார்த்தால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும்.

"மாமா, இந்த பைப்பு கோணலா கீது."

"உன் கண்ணு கோணலா கீதுடா."

"அப்ப லெவல் பாரு."

லெவல் என்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். பாதி நாள் அன்பு ஜெயிப்பான், பாதி நாள் அவர் ஜெயிப்பார். தோற்றவர் டீ வாங்க வேண்டும்.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. வண்டி தன் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது ஸ்லைடரைப் பிடித்துவைத்து, அதன் காலை சேஸில் ஓரங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைப்பார்கள். இதற்கு டேக் என்று பெயர். சட்டை தைக்கும்போது முதலில் நூலோட்டிப் பிடித்துவைப்பதைப் போலத்தான். பிறகு வண்டியை ஏரிக்கரைச் சாலையின் குண்டு குழியில் ஓட்டிவிட்டுத் திரும்பி வருவார்கள். கதவு ஒழுங்காகச் சாத்துகிறதா, குழாய் எங்காவது உரசுகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். அதற்குப் பிறகுதான் பெயிண்ட். முழு வெல்டிங் முடியாத இரும்பில் கறுப்பு ஏறாது. ஸ்லைடர் வெள்ளையாக இருந்தால் கை வைக்காதே, கறுப்பாக இருந்தால் வேலை முடிந்தது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மூன்று பேருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஹரிபிரசாத் தன் ஜிப்ஸியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஆந்திரா பக்கம் மலைக்குப் போகத் திட்டம். இரண்டு பக்கமும் ஸ்லைடர், புதிதாக வாங்கிய பெரிய டயர்கள் நாலு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யேசுதாசன் ஸ்லைடர்களை டேக் வைத்து முடித்திருந்தார். அன்பு மதியமே கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டான், கூடப் படித்தவன் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மறுநாள் காலை வண்டியை ஓட்டிப் பார்த்து, முழு வெல்டிங் முடித்து, டயர் மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு.

அந்த நேரத்தில் ஹரிபிரசாத் மனைவி குழந்தையோடு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணா, சூப்பரா இருக்குண்ணா. ஒரே ஒரு ஹெல்ப். நாங்க எல்லாரும் வந்திருக்கோம்ல, ஒரு போட்டோ எடுத்துக்கறோம். ஆனா இந்தக் குழாய் மட்டும் வெள்ளையா தெரியுது. ஒரு கோட் பிளாக் அடிச்சுத் தர்றீங்களா?"

"இன்னும் வேலை கீது சார். நாளைக்கு முடிச்சுட்டு அடிக்கறேன்."

"நாளைக்கு இவங்க வர மாட்டாங்கண்ணா. குரூப்ல எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. ப்ளீஸ்ணா, போட்டோவுக்கு மட்டும்."

குழந்தை அதற்குள் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "டுர்ர்" என்று ஓட்டிக்கொண்டிருந்தது. யேசுதாசனுக்குக் குழந்தை இல்லை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்புறம் மறுக்க முடியவில்லை. ஸ்பிரே டப்பாவை எடுத்து, கண்ணில் படும் இடமெல்லாம் ஒரு கோட் அடித்தார். கால்கள் சேஸில் சேரும் இடத்தில் டேக் பளபளவென்று தெரிந்தது. குனிந்து அதன் மேலும் அடித்தார்.

சினேகா டீ கொண்டுவந்தாள். "இன்னாயா, அதுக்குள்ள பெயிண்ட்டா?"

"போட்டோவுக்குத்தாம்மா. காலைல சொரண்டிட்டு வெல்டு அடிச்சுக்கலாம்."

அவர்கள் படம் எடுத்தார்கள். யேசுதாசனையும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் வெல்டிங் ராடு தீர்ந்திருந்தது. யேசுதாசன் கடை திறக்கும் நேரத்துக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாம்பரம் போனார். அன்புவை போனில் கூப்பிட்டிருக்கலாம். அவன் எப்போதும் ஒன்பது மணிக்கு மேல்தான் எழுந்திருப்பான், அதுவும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மதியம்தான் வருவான் என்று நினைத்தார்.

அன்று பார்த்து அன்பு கூடுவாஞ்சேரியில் சீக்கிரம் ரயில் ஏறி வந்துவிட்டான். ஹரிபிரசாத் அவசரப்படுவார், டயரையாவது மாற்றி வைத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறான். அவன் வந்தபோது தெருவில் தண்ணீர் லாரி நின்றது. சினேகா குடங்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அன்பு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தான்.

"மாமா முடிச்சுட்டாரு போலக்கா. டயரை மாத்திட்டா சார் வந்து எடுத்துகினு போயிடுவாரு."

அவளுக்கு முன்னால் நின்ற பெண் தன் முறைக்குமேல் குடத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். சினேகா அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "இந்த ரெண்டு குடத்தையும் உள்ள வெச்சுட்டு வாடா" என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். அவன் இரண்டு குடத்தையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். பிறகு பட்டறைக்குப் போனான்.

பின்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கியிருக்கிறான். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, புது டயரை உருட்டிக்கொண்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து அதை ஏற்றப் பார்த்திருக்கிறான். அப்போது டேக் பிய்ந்து வண்டி அவன் காலின்மேல் விழுந்துவிட்டது.

தெருவில் இருந்த எல்லோரும் ஓடினார்கள். ஒன்றாகச் சேர்ந்து ஜிப்ஸியைக் கையாலேயே தூக்கினார்கள். யேசுதாசன் ராடு கட்டோடு வந்து சேர்ந்தபோது ஆட்டோவில் சினேகா உட்கார்ந்திருந்தாள், அவள் மடியில் அன்புவின் தலை இருந்தது. மருத்துவமனையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருந்தது.

மயக்கம் தெளிந்ததும் அன்பு முதலில் கேட்டது வண்டியைப் பற்றித்தான்.

"மாமா, வண்டிக்கு இன்னா ஆச்சு?"

"வண்டி கெடக்குதுடா."

"ஜாக்கிய சரியா வெக்காம வுட்டுட்டேன் மாமா. வழுக்கிடுச்சு போல. உன் பேரையே கெடுத்துட்டேன்."

யேசுதாசன் அவன் தலையைத் தடவினார். டேக்தான் பிய்ந்தது என்று அப்போது அவருக்கு உறுதியாகத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் கொட்டகையைப் பூட்ட வந்தபோது தெரிந்துவிட்டது. ஸ்லைடர் தரையில் கிடந்தது. ஜாக்கி அதற்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. சிமெண்ட் தரையில் ஜாக்கியின் அடித்தகடு பதிந்த தடம் அப்படியே இருந்தது. எங்கே வைக்க வேண்டுமோ அங்கேதான் அன்பு வைத்திருந்தான். ஒரு விரல்கூடத் தள்ளி இல்லை. ஸ்லைடரின் காலில் கறுப்புக்கு நடுவே பொட்டுப் பொட்டாகப் பிய்ந்த இடம் வெள்ளிபோல மின்னியது.

யேசுதாசன் கிரைண்டிங் மெஷினை எடுத்து அந்தப் பொட்டுகளைத் தேய்த்துவிட்டார். சேஸில் இருந்ததையும் படுத்துக்கொண்டு தேய்த்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரால் இன்றுகூடச் சொல்ல முடியவில்லை. ரத்தத்தைக் கழுவுகிற மாதிரி கை தானாகப் போனது என்பார்.

மருத்துவமனை வராந்தாவில் சினேகா கேட்டாள். "அந்த போட்டோவுக்கு அடிச்ச பெயிண்ட்டாலதானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட வந்து சொன்னான்யா. மாமா முடிச்சுட்டாரு போலன்னான். நான் குடத்தைப் பாத்துகினு நின்னேன்." அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள், "அவங்கிட்ட இப்போ சொல்லாத. இப்போ வேணாம்."

அந்த 'இப்போ' நீண்டுகொண்டே போனது. காயம் ஆறட்டும் என்றார்கள். செயற்கைக் கால் பொருத்தட்டும் என்றார்கள். நடக்கட்டும் என்றார்கள். ஹரிபிரசாத் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தார். அன்பு அவரிடம், "சார், மாமா வேலைல ஒரு குறையும் இல்ல. அவரு பண்ண வண்டிய நம்பி நீங்க எங்க வேணா போலாம். நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றான். ஹரிபிரசாத் அதை அப்படியே தன் நண்பர்களிடம் சொன்னார். அதனால் பட்டறைக்கு வருகிற வண்டி குறையவில்லை. யேசுதாசன் ஒவ்வொரு வண்டிக்கும் குனியும்போது, இது அன்புவின் வாயால் வந்த வேலை என்று நினைப்பார்.

ஹரிபிரசாத் அந்த ஸ்லைடர் இனிமேல் வேண்டாம் என்று சொல்லி வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். யேசுதாசன் அவற்றை வெட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்.

செயற்கைக் காலோடு அன்பு பட்டறைக்குத் திரும்பி வந்தான். அவனுடைய பேச்சு மாறவில்லை. தெருப் பையன்கள் காலைத் தட்டிப் பார்க்க வந்தால், "தட்டுங்கடா, இதுக்கு மட்டும் கொசு கடிக்காது" என்பான். ஆனால் அவன் வேலை மாறிவிட்டது. ஒரு நட்டை முடுக்கிவிட்டு எழுந்து போவான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி முடுக்கிப் பார்ப்பான். அப்புறம் மறுபடியும். ஜாக்கி வைத்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி வைப்பான். காத்திருக்கிற வண்டிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா அன்பு, நட்டுக்கு ஜாதகம் பாக்குறியா?"

அவனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே, "மாமா, நீ ஒரு தபா வந்து பாத்துடு" என்று கூப்பிடுவான். யேசுதாசன் வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். "சரியா கீதுடா" என்பார். "நல்லா பாத்தியா?" என்பான். முன்பு லெவலை வைத்து ஜெயித்தவன் இப்போது குழாய் நேராக இருக்கிறதா என்பதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

பெருங்களத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் தமிழினி என்ற பெண்ணுக்கும் அவனுக்கும் பழக்கம் இருந்தது. கால் போன பிறகும் அவள் மாறவில்லை. சினேகாவிடமே வந்து, "எனக்கு அது ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்னாள். அன்புதான் வேண்டாம் என்றான். "ஒரு ஜாக்கிய ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் ஒரு பொண்ண எப்படிக்கா வெச்சுக் காப்பாத்துவான்?" என்று கேட்டான். சினேகா அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யேசுதாசன் எழுந்து வெளியே போனார்.

அன்று அவர் மனைவியிடம் சொன்னார், "சொல்லிடலாம்மா."

"சொன்னா காலு வருமா?"

"காலு வராது. அவன் தன்னையே நம்பாம போயிட்டான், பாக்கலையா நீ?"

"அவன் நம்மள வுட்டுட்டுப் போயிடுவான்யா. எனக்கு அவன் ஒருத்தன்தான் கீறான்."

அவளுடைய பயம் பொய் இல்லை. யேசுதாசனுக்கும் அதே பயம்தான் இருந்தது. சொன்னால் அவன் போய்விடுவான், சொல்லாவிட்டால் அவன் கண்ணெதிரே ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவான். இரண்டுக்கும் நடுவில் அவர் பல மாதம் நின்றார். வாய்வரை வரும். அன்பு ஏதாவது ஜோக் சொல்வான், அது திரும்பி உள்ளே போய்விடும்.

ஒரு மதியம் சாப்பாடு முடிந்து இருவரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்பு செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நாவலூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேலை சொல்லிகீறாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து வரச் சொன்னாங்க."

"எதுக்குடா செக்யூரிட்டி வேலை? இங்க வேலை இல்லையா?"

"இங்க நான் இன்னா பண்றேன்? நான் மாட்டறத நீ ஒரு தபா பாக்கணும். உனக்கு ரெட்டை வேலை. அங்க பேஜாரே இல்ல. கழட்ட வேணாம், மாட்ட வேணாம். கார் வந்தா கேட்டைத் தொறக்கணும், போனா மூடணும். என் கைய நம்பி எவனும் அடில படுக்க மாட்டான்."

யேசுதாசன் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"அன்பு, ஜாக்கிய நீ கரெக்ட்டாதான் வெச்ச."

"சமாதானம் சொல்லாத மாமா."

"சமாதானம் இல்லடா. அந்த ஸ்லைடர்ல நான் டேக் மட்டும்தான் வெச்சிருந்தேன்."

அன்பு சிரித்தான். அவருக்கு ஏதோ குழப்பம் என்று நினைத்தான். "போ மாமா. கறுப்பு அடிச்சிருந்துதே."

"நான்தான் அடிச்சேன். முந்தின நாள் சாயங்காலம். ஹரி சார் வீட்டோட போட்டோ எடுக்கணும்னாரு. டேக் மேலயே அடிச்சுட்டேன்."

"போட்டோவுக்கா?"

"ஆமா."

அன்புவின் கை தழும்பின் மேலேயே நின்றுவிட்டது. "அப்ப பிஞ்ச எடத்துல பொட்டு தெரிஞ்சிருக்குமே. யாரும் பாக்கலையா?"

"நான் பாத்தேன். கிரைண்டர் போட்டுத் தேச்சுட்டேன்."

வெளியே ஒரு ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பிறகு அன்பு கேட்டான், "அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு ஒண்ணும்..." என்று யேசுதாசன் ஆரம்பித்தார்.

"தெரியும்டா" என்று நடுக்கதவிலிருந்து சினேகாவின் குரல் வந்தது. அவள் கையில் கழுவாத தட்டு இருந்தது. "பெயிண்ட் அடிக்கும்போதே தெரியும். நீ எங்கிட்ட வந்து சொன்ன. நான் தண்ணி லாரிய பாத்துகினு நின்னுட்டேன்."

அன்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கத்துவான் என்று யேசுதாசன் காத்திருந்தார். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார். அவன் கத்தவில்லை.

"பெயிண்ட் அடிச்சது பெரிசில்ல மாமா. நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன், சின்னக் கொழந்தைய வெச்சுகினு கேட்டா. நீ லாரிகிட்ட நின்னதும் பெரிசில்லக்கா. ஆனா கண்ண மூடினா போதும், ஜாக்கிய எங்க வெச்சேன், எங்க வெச்சேன்னு நான் தேடிகினே கீறேன். கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தா காலு இருந்திருக்குமேன்னு. நீங்க ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்து எனக்கு சோறு போட்டுகினு இருந்தீங்க."

அவன் காலை எடுத்து மாட்டினான். பட்டையை ஒரே தடவை இழுத்துக் கட்டினான், சரியாக இருக்கிறதா என்று திரும்பப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தான். சினேகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடா போற?"

"வழி வுடுக்கா."

"என்னைத் திட்டிட்டுப் போடா."

"வழி வுடு."

அவள் நகர்ந்தாள். அவன் தெருவில் நடந்து போவதை எங்கள் வீட்டு வாசல்களிலிருந்து பலரும் பார்த்தோம். சாதாரணமாக டீக்கடைக்குப் போகிற மாதிரிதான் போனான்.

அன்று சினேகா யேசுதாசனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "இறக்கி வெச்சுட்ட இல்ல? இப்போ உனக்கு லேசா கீதா?" லேசாக இல்லை என்று சொன்னால் எதற்குச் சொன்னாய் என்பாள். லேசாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. பல வாரங்கள் அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிடுவார்.

அன்பு நாவலூருக்குப் போகவில்லை. கீழ்க்கட்டளையில் சிட்டிபாபு என்பவரின் பட்டறையில் சேர்ந்தான். அவரும் இதே வண்டி வேலை செய்பவர்தான், யேசுதாசனுக்குத் தெரிந்தவர். ஒரு நாள் குழாய் வாங்கும் கடையில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, உன் மச்சானை எதுக்கு அனுப்பி வுட்ட? தங்கமான கையி" என்றார் சிட்டிபாபு.

"நட்டை முடுக்கிட்டுத் திரும்பத் திரும்பப் பாக்குறானா?" என்று யேசுதாசன் கேட்டார்.

"அதெல்லாம் இல்லயே. ஒரு தபா முடுக்கினா முடுக்கினதுதான். அடுத்த வேலைக்குப் போய்கினே இருப்பான். நான் ஒரு பைப்பைக் கோணலா வெச்சுட்டேன்னு எங்கிட்டயே சண்டைக்கு வரான்."

"சண்டைக்கு வரானா?"

"லெவல் வெச்சுப் பாருன்றான். பாத்தா அவன் சொன்னதுதான் கரெக்டு."

யேசுதாசன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். குழாய் வாங்காமலேயே வீட்டுக்கு வந்து சினேகாவிடம் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். முழுவதையும் கேட்டாள்.

பிறகு ஒரு நாள் அவரே கீழ்க்கட்டளைக்குப் போனார். சிட்டிபாபுவின் பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நின்றார். உயரமான வண்டி ஒன்றுக்கு அடியில் அன்பு படுத்திருந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. போனில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கால் அதற்குத் தாளம் போட்டது, மற்றது அசையாமல் இருந்தது. அவன் வெளியே வருவதற்குள் யேசுதாசன் கிளம்பிவிட்டார். டீ அப்படியே இருக்கிறது என்று கடைக்காரர் பின்னால் கூப்பிட்டிருக்கிறார்.

பல மாதம் கழித்து அன்பு சினேகாவுக்கு போன் செய்தான். தமிழினியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், ஞானஸ்நானச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் சொன்னான். அவள் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்கு அவளை மட்டும் கூப்பிட்டான். அவள் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யேசுதாசன் அன்று பட்டறையைத் திறக்காமல் வீட்டில் இருந்தார். அவள் வந்ததும், "பொண்ணு மாப்பிள்ளை நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டார். "நல்லா இருந்தாங்க" என்றாள்.

இப்போது அன்பு வாரத்துக்கு ஒரு தடவை அக்காவைக் கூப்பிடுகிறான். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. முன்பெல்லாம் போன் வந்தால் சினேகா பின்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். போன வாரம் அப்படிப் போகவில்லை. நடுக்கதவின் படியில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

யேசுதாசன் ஒரு குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்புவின் குரல் கேட்டதும் மெஷினை அணைத்துவிட்டார். தமிழினிக்குக் காய்ச்சல் விட்டதையும், வீட்டுக்காரம்மா மொட்டைமாடியில் துணி போட விடுவதில்லை என்பதையும் அன்பு சொல்லிக்கொண்டிருந்தான். யேசுதாசன் வேலைக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார்.

திடீரென்று அன்பு நிறுத்தினான்.

"இன்னாக்கா, சத்தத்தையே காணோம்? பட்டறை லீவா?"

சினேகா யேசுதாசனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

"ஆமாண்டா, லீவு" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டான் என்று நினைத்து அவள் எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"சரி" என்றான் அன்பு. "நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டதாக அவள் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுக்காரம்மாவைப் பற்றிப் பேசினான். அவன் பேசி முடிக்கும்வரை யேசுதாசன் மெஷினைத் தொடவில்லை.